ட்ரயம்ஃப் ஸ்பிட்ஃபயர் எஞ்சின் மறுசீரமைப்பு

ட்ரயம்ஃப் ஸ்பிட்ஃபயர், 1962 முதல் 1980 வரை இங்கிலாந்தின் கவென்ட்ரி நகரில் கேன்லி ஆலையில் தயாரான, இருவர் அமரும் திறந்த ஸ்போர்ட்ஸ் கார். மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகள் வெளிவந்தன. இன்று ஓடுபவற்றில் பெரும்பாலானவை ஒருமுறையாவது எஞ்சின் பிரிக்கப்பட்டவை. மறுசீரமைப்பு என்பது எஞ்சினை முழுதாகக் கழற்றி, தேய்ந்த பரப்புகளை அளந்து, கடைந்து, புதிய பேரிங், பிஸ்டன், ரிங், சீல்களுடன் திரும்பப் பூட்டும் வேலை. வண்டியை ஓட வைக்கும் பழுதுபார்ப்பு வேறு, இது வேறு. சரியாகச் செய்தால் எஞ்சினுக்கு இன்னொரு ஆயுள் கிடைக்கும்.

எஞ்சினின் வம்சம்

ஸ்டாண்டர்டு நிறுவனம் 1953இல் 'ஸ்டாண்டர்டு எய்ட்' காருக்காக உருவாக்கிய 803 சிசி எஞ்சினே இதன் மூதாதை. நான்கு சிலிண்டர், வார்ப்பிரும்பு பிளாக், வார்ப்பிரும்பு ஹெட், மூன்றே மெயின் பேரிங். அந்த 803 சிசி எஞ்சினில் போர் 58 மி.மீ., ஸ்ட்ரோக் 76 மி.மீ. ஸ்ட்ரோக்கைத் தொடாமல் போரை மட்டும் பெருக்கிக்கொண்டே போனார்கள்: 948, 1147, 1296 சிசி. முதல் ஸ்பிட்ஃபயருக்கு வந்தது 1147. 1967இல் வந்த மார்க் 3க்கு 1296. கடைசியில் ஸ்ட்ரோக்கையும் 87.5 மி.மீ. ஆக நீட்டி 1493 சிசி ஆக்கினார்கள். 1974 முதல் எம்ஜி மிட்ஜெட்டிலும் இதே 1493தான்.

சென்னைக்காரர்களுக்கு இந்தக் குடும்பம் அந்நியமில்லை. வண்டலூர் ஆலையில் 1961 முதல் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டின் 948 சிசி எஞ்சின் இதே வரிசையைச் சேர்ந்தது. ஸ்பிட்ஃபயரின் சேசிஸே ஹெரால்டு சேசிஸைக் குறுக்கிச் செய்ததுதான். இரண்டுக்கும் உருவம் தந்தவர் இத்தாலிய வடிவமைப்பாளர் ஜொவான்னி மிக்கெலோத்தி. முன்பக்கம் முழுவதும் பம்பரை நோக்கிக் கவிழ்ந்து திறக்கும் அந்த பானெட்டை ஹெரால்டில் பார்த்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். மெக்கானிக்குக்கு அது ஒரு வரம். முன்சக்கரத்தின்மேல் உட்கார்ந்துகொண்டே டாப்பெட் சரிசெய்யலாம்.

பிரிப்பதற்கு முன்

புகை வந்தால் உடனே எஞ்சினை இறக்கிவிடக் கூடாது. முதலில் நான்கு சிலிண்டரிலும் கம்ப்ரஷன் பார்க்க வேண்டும். குறைவாகக் காட்டும் சிலிண்டரில் ஒரு தேக்கரண்டி எஞ்சின் ஆயில் விட்டு மீண்டும் பார்த்தால், அளவு ஏறினால் குறை ரிங்கிலோ போரிலோ இருக்கிறது. ஏறாவிட்டால் வால்விலோ ஹெட் கேஸ்கெட்டிலோ இருக்கிறது. ஹெட்டை மட்டும் கழற்றினால் முடிகிற வேலைக்கு எஞ்சின் முழுவதையும் பிரிப்பது வீண் செலவு. ஆயில் பிரஷர் அடுத்த சாட்சி. எஞ்சின் நன்கு சூடான பின் 2000 ஆர்பிஎம்மில் சதுர அங்குலத்துக்கு 40 முதல் 60 பவுண்டு வரை காட்ட வேண்டும்.

மூன்றாவது சோதனைக்குக் கருவி தேவையில்லை, இருவர் போதும். ஒருவர் கிளட்சை மிதித்து மிதித்து விட, மற்றவர் முன்னால் குனிந்து கிராங்க் புல்லியைப் பார்க்க வேண்டும். புல்லி கண்ணுக்குத் தெரியும்படி முன்னும் பின்னும் நகர்ந்தால், அந்த வண்டியை அதற்குமேல் ஓட்டவே கூடாது. காரணம் பின்னால் வருகிறது.

எஞ்சின் எண்ணையும் குறித்துக்கொள்ள வேண்டும். எஃப்சி என்று தொடங்கினால் 1147, எஃப்டி என்றால் மார்க் 3, எஃப்எச் என்றால் மார்க் 4, எஃப்எம் என்றால் 1493 சிசி கொண்ட 'ஸ்பிட்ஃபயர் 1500'. ஐம்பது வருடத்தில் பல வண்டிகளில் எஞ்சின் மாறியிருக்கிறது. வண்டியின் ஆண்டை மட்டும் நம்பி பேரிங் வாங்கினால் அளவு சேராமல் போகலாம்.

அளவெடுத்தலும் கடைசலும்

கியர்பாக்ஸை உள்ளே விட்டுவிட்டு எஞ்சினை மட்டும் தூக்கி எடுக்கலாம். பிரித்த பிளாக்கின் பக்கவாட்டு கோர் பிளக்குகளைத் தட்டி எடுத்ததும் வாட்டர் ஜாக்கெட்டின் அடியில் களிமண்போல இறுகிய துருச் சேறு தெரியும். கடைசி சிலிண்டரைச் சுற்றித்தான் அது கனமாகப் படிந்திருக்கும். சூடு ஏறுகிறது என்று ரேடியேட்டரை மாற்றிக்கொண்டே இருந்தவர்களுக்கு விடை அங்கே கிடக்கிறது. கம்பியால் குத்தி, தண்ணீர் பாய்ச்சி, கடைசித் துணுக்கு வரும்வரை எடுக்க வேண்டும்.

போர் எங்கும் ஒரே சீராகத் தேய்வதில்லை. மேல் ரிங் திரும்பும் இடத்தில்தான் தேய்மானம் அதிகம். அதற்கு மேலே ரிங் தொடாத பகுதி விரல் நகத்தில் தட்டும் மேடாக நிற்கும். ஒவ்வொரு சிலிண்டரையும் மேல், நடு, கீழ் என மூன்று மட்டத்தில், எஞ்சின் நீளவாக்கிலும் குறுக்குவாக்கிலும் அளந்து எழுதிய பிறகே போரிங் செய்வதா, ஹோனிங் மட்டும் போதுமா என்று முடிவெடுக்க வேண்டும். பிஸ்டன் கைக்கு வந்த பிறகு, அதை அளந்து அதற்கேற்பப் போர் கடைவதே முறை. கிராங்க் ஜர்னல்கள் கீறியோ நீள்வட்டமாகவோ இருந்தால் அங்குலத்தின் ஆயிரத்தில் பத்து பங்கு, இருபது பங்கு என்ற படிகளில் கிரைண்ட் செய்து அதற்கேற்ற அண்டர்சைஸ் பேரிங் போடுவார்கள்.

1500 எஞ்சினின் கிராங்குக்கு மட்டும் தனிக் கரிசனம் தேவை. 6000 ஆர்பிஎம்மில் 1296 பிஸ்டனின் சராசரி வேகம் விநாடிக்கு 15.2 மீட்டர், நீண்ட ஸ்ட்ரோக்கால் 1500இல் அது 17.5 மீட்டர். அந்தச் சுமையைத் தாங்க அதே மூன்று மெயின் பேரிங்தான். நெடுஞ்சாலையில் விடாமல் விரட்டப்பட்ட 1500களில் பிக் எண்ட் பேரிங் போவது இதனால்தான்.

ஹெட்டில் முக்கியமான வேலை எக்ஸாஸ்ட் வால்வு சீட். இந்த எஞ்சின் ஈயம் கலந்த பெட்ரோலுக்காகச் செய்யப்பட்டது. ஈயம் வால்வு சீட்டுக்கு மெத்தைபோல இருந்தது. 2000ஆம் ஆண்டு பிறந்தபோது பிரிட்டனில் அந்தப் பெட்ரோலின் பொது விற்பனை நின்றுவிட்டது. இப்போது ஹெட்டைக் கடைந்து கடின எஃகு சீட்டுகளைப் பதிக்கிறார்கள். ஹெட் கையில் இருக்கும்போதே இதைச் செய்துவிடுவது நல்லது.

த்ரஸ்ட் வாஷர்

இந்த எஞ்சினின் உயிர்நிலை கிராங்கின் பின் மெயின் பேரிங்கில் இருக்கிறது. கிளட்சை மிதிக்கும்போதெல்லாம் கிராங்க் முன்னோக்கித் தள்ளப்படுகிறது. அந்தத் தள்ளலைத் தாங்குபவை இரண்டு அரைவட்டத் தகடுகள். அவை பிளாக் பக்கத்தில் மட்டுமே உட்கார்ந்திருக்கின்றன. பேரிங் கேப்பில் அவற்றுக்கு ஜோடி கிடையாது. பின்பக்கத் தகடுதான் சுமை முழுவதையும் வாங்கித் தேயும். ஓரளவுக்கு மேல் மெலிந்தால் கிராங்கோடு சுற்றி வழுக்கி, சம்ப்பில் விழுந்துவிடும். பிறகு கிராங்கின் எஃகு நேரடியாகப் பிளாக்கின் இரும்பை அரைக்கும். சில பவுண்டு விலையுள்ள தகட்டுக்காகப் பிளாக்கும் கிராங்கும் சேர்ந்து பாழாவதைப்போல் மனம் நோகும் காட்சி இந்தத் தொழிலில் குறைவு.

ஆகவே புதிய வாஷர் போட்டதோடு நிற்காமல் டயல் கேஜ் வைத்து கிராங்கின் முன்பின் அசைவை அளக்க வேண்டும். 0.10 முதல் 0.20 மி.மீ. வரை இருக்கலாம். கூடினால் தடித்த வாஷர் கிடைக்கிறது. ஆயில் பள்ளம் வெட்டிய முகம் கிராங்கைப் பார்த்திருக்க வேண்டும். திருப்பிப் போட்டால் சீக்கிரமே தேய்ந்துபோகும். பின்பக்கத்துக்கு முழு வெண்கல வாஷர் போடுவது நல்ல வழக்கம்.

பூட்டுதல்

முன் மெயின் பேரிங்கின் கீழே, சம்ப்புக்கு முனையடைப்பாக ஓர் அலுமினியக் கட்டை வரும். அதன் இரு முனைகளிலும் உள்ள இடைவெளியை அடைப்பது ரப்பர் அல்ல, மரம். சின்ன மரச் சக்கைக்குச் சீலன்ட் தடவி, சுத்தியலால் மெல்லத் தட்டி இறக்கி, வெளியே நீட்டியிருப்பதைக் கூரிய கத்தியால் பிளாக்கோடு மட்டமாகச் சீவிவிட வேண்டும். கொஞ்சம் உயர்ந்து நின்றாலும் சம்ப் கேஸ்கெட் அமராது, ஆயில் ஒழுகும். கட்டையின் மரை மென்மையான அலுமினியம் என்பதால், பலமாக முறுக்கியவர்கள் அதைக் கெடுத்துவைத்திருப்பார்கள். அங்கே கம்பிச்சுருள் மரை பதிக்க வேண்டும்.

ராக்கர் ஷாஃப்டுக்கு வெளியே தனிக் குழாய் வைத்து ஆயில் கொடுக்கும் கிட் விற்கிறார்கள். அது வேண்டாம். மேலே கூடுதலாகப் போகும் ஆயில், பேரிங்குகளுக்குச் சேர வேண்டியது. தேய்ந்த ஷாஃப்டை மாற்றினால் போதும்.

முதல் ஓட்டம்

ஸ்டார்ட் செய்யும் முன், டிஸ்ட்ரிபியூட்டரையும் அதன் டிரைவ் கியரையும் எடுத்துவிட்டு, டிரில்லில் பொருத்திய நீளமான தட்டைமுனைத் தண்டால் ஆயில் பம்பைச் சுற்ற வேண்டும். பிரஷர் கேஜ் முள் எழும்பும். ராக்கர்களில் ஆயில் கசிந்து வரும். உலர்ந்த பேரிங்கோடு கிளப்பினால் முதல் அரை நிமிடத்திலேயே பாதி உழைப்பு போய்விடும். ஆயில் ஃபில்டர், வடிந்துவிடாமல் தடுக்கும் வால்வு உள்ளதாக இருக்கட்டும். இல்லாவிட்டால் இரவெல்லாம் வடிந்து, காலையில் ஸ்டார்ட் செய்யும்போது பேரிங் கடகடக்கும்.

கிளம்பியதும் ஐட்லிங்கில் விடாமல், சுமார் 20 நிமிடம் 2000 ஆர்பிஎம்முக்கு மேல் வைத்திருக்க வேண்டும். புதிய கேமும் டாப்பெட்டும் ஒன்றுக்கொன்று படிவது அந்த நேரத்தில்தான். துத்தநாகம் சேர்ந்த பழைய வகை ஆயில் அதற்கு உதவும்.

சில நூறு கிலோமீட்டர் ஓடியபின் ஆயிலை மாற்றி, ஹெட் நட்டுகளை மீண்டும் டார்க் பார்த்து, எஞ்சின் குளிர்ந்திருக்கையில் வால்வு இடைவெளியை 0.25 மி.மீ. வைக்க வேண்டும். எட்டு வால்வுகளுக்கு ஒன்பதின் கணக்கு போதும்: எட்டாவது முழுதாகத் திறந்திருக்கும்போது முதலாவதை, ஆறாவது திறந்திருக்கும்போது மூன்றாவதைச் சரிசெய்யலாம். அன்றைக்கே இன்னொருவரைக் கிளட்சை மிதிக்கச் சொல்லி, புல்லியில் டயல் கேஜ் வைத்து, அசைவை வண்டியின் பதிவேட்டில் தேதியோடு எழுதிவைக்க வேண்டும். அடுத்த வருடம் ஒப்பிட அந்த எண் வேண்டும்.