எட்டே பேர்

அமெரிக்காவின் பழைய லாரி ஓட்டுநர்கள் கூடினால், மூடிப்போன கம்பெனிகளைப் பற்றிய ஏக்கம் வந்துவிடும். 1935 சட்டப்படி வழித்தடமும் கட்டணமும் அரசு ஆணையத்தின் பிடியில் இருந்தன. 1964-இல் டீம்ஸ்டர்ஸ் சங்கம் நாடு தழுவிய கூலி ஒப்பந்தம் போட்டது. 1980-இல் கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டம் அந்தக் கட்டுப்பாடுகளைத் தளர்த்தியது. கம்பெனிகள் சரிந்தன, கூலியும் சரிந்தது. இந்த ஏக்கத்தை நாம் கேலி செய்யவில்லை. உழைத்தவர்கள் இழந்தது நிஜம்.

ஆனால் அந்தப் பொற்காலத்தில் ஸ்டீயரிங் யார் கையில் இருந்தது? டைம்-டி.சி. கம்பெனியையே பார்ப்போம். 1971 மார்ச்சில் அதன் தொலைதூர ஓட்டுநர்கள் 1,828 பேர். அவர்களில் கறுப்பர்கள் 8 பேர். எட்டே பேர்! அவர்களும் அரசு வழக்குப் போட்ட பிறகு எடுக்கப்பட்டவர்கள். மற்றவர்களுக்கு ஊருக்குள் ஓடும் வண்டி, பணிமனை, குறைந்த கூலி. தொலைதூர வேலைக்கு மாற வேண்டுமா? சேர்த்த பணிமூப்பை உதறிவிட்டு வரிசையின் கடைசியில் போய் நிற்க வேண்டும். (பணிமூப்புப் பட்டியல் என்ன செய்யும் என்று நமக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.) சங்கமும் அந்த ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டிருந்தது.

1977-இல் உச்ச நீதிமன்றம் பாகுபாடு நடந்ததை ஏற்றது. பணிமூப்பு முறை மட்டும் செல்லும் என்றது. குடியுரிமைச் சட்டத்தின் வேலைவாய்ப்புப் பிரிவு அமலுக்கு வந்த 1965 ஜூலைக்கு முன்பு விரட்டப்பட்டவர்களுக்கு அதன்படி பரிகாரம் இல்லை. பிறகு விரட்டப்பட்டவர்களுக்குக் கதவு கொஞ்சம் திறந்தது.

மூன்றே ஆண்டில் 1980 வந்துவிட்டது. அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் டைம்-டி.சி.யும் மூடப்பட்டது.