புங்குடுதீவில் தச்சுவேலை பழக விரும்புவோருக்கு

1991இல் புங்குடுதீவை விட்டு ஓடியபோது ஐயா உளிகளையும் சீவுளியையும் மறக்காமல் எடுத்துவந்தார். அவற்றில்தான் நான் தொழில் பழகினேன். சான்றிதழ் இல்லாததால் கூலியும் குறைவு.

இன்று பழகுவோர் முதலிலேயே பதிந்துகொள்ளுங்கள். தேசிய பயிலுநர் மற்றும் கைத்தொழில் பயிற்சி அதிகாரசபை (நைற்றா) மூலம் பட்டறையில் வேலை செய்தபடியே பயிலலாம். மதிப்பீட்டில் தேறினால் தேசிய தொழிற்தகைமைச் (என்.வி.கியூ) சான்றிதழ் கிடைக்கும். மொத்தம் 7 மட்டங்கள்: 1 முதல் 4 வரை சான்றிதழ், 5, 6 டிப்ளோமா, 7 பட்டம்.

போரால் படிப்பு விடுபட்ட, தொழில் தெரிந்தவர்களுக்கும் வழியுண்டு. முன்கற்றல் அங்கீகாரத்தின்கீழ் வேலையைச் செய்துகாட்டி மதிப்பீடு பெறலாம். நான் அப்படித்தான் எடுத்தேன். செய்த கதவு, யன்னல்களின் படங்களையும் வேலை கொடுத்தவர்களின் கடிதங்களையும் சேர்த்துவையுங்கள். விபரங்களை வேலணைப் பிரதேச செயலகத்தில் விசாரிக்கலாம்.