இரு தந்தையரும் வீட்டுக் கல்வியும்

இளஞ்சிறார்க்கு வீட்டிலே கல்வி புகட்டுங்கால் எத்துணை ஒழுங்கு வேண்டும் என்னும் வினா புதியதன்று. முன்னை நூற்றாண்டுகளில் ஆங்கில நாட்டில் வாழ்ந்த இரு தந்தையர், தம் மக்களைக் கொண்டே அதற்கு மாறுபட்ட விடைகளைத் தேடினர்.

1762 இல் வெளிவந்த உரூசோவின் 'எமில்' என்னும் நூலிற் பெரிதும் ஈடுபட்டவர் றிச்சட் லவல் எட்ஜ்வேர்த். 1764 இற் பிறந்த தலைமகனை அவர் காலணியுமின்றி, கட்டுப்பாடுமின்றி, இயற்கையின் கையிலே விட்டு வளர்த்தார். சிறுவன் உடல்வலிமையும் அஞ்சாமையும் ஈகைக்குணமும் உடையவனானான். பிறர் சொற் கேட்டல் மட்டும் அவனிடம் இல்லை. பின்னர்த் தந்தை அவனைப் பாரிஸ் நகரில் உரூசோவிடமே அழைத்துச் சென்றார். அவனுடன் உலாவி மீண்ட உரூசோ, பையன் அறிவுடையவனே. ஆயினும் அழகிய குதிரையையோ வண்டியையோ கண்டால் அஃது ஆங்கில நாட்டதே எனச் சாதிக்கின்றான் என்றாராம். அதன்பின் தந்தை லியோன் நகரில் ஆற்றுப்பணியில் மூழ்க, மகன் பிறர் கைக்கு மாறினான், ஈற்றிற் கடலோடியானான்.

யேம்ஸ் மில் சென்ற வழி வேறு. 1806 இற் பிறந்த அவர் மகன் யோன் ஸ்ருவாட் மில், மூன்று வயதிற் கிரேக்கமும் எட்டு வயதில் இலத்தீனும் பன்னிரண்டில் அளவையியலும் தொடங்கினான். விடுமுறை இல்லை. ஒத்த வயதினருடன் பழகவும் விடப்படவில்லை. 1826 இல், இருபதாம் வயதில், அவ்விளைஞனின் உள்ளம் வறண்டு சோர்ந்தது.

இதனைக் காட்டி, ஒழுங்கே தீது என்பாருளர். எனக்கு அஃது உடன்பாடன்று. 1873 இல் வெளிவந்த தன்வரலாற்றில் மில் கூறுவதை நோக்குக. கிரேக்கச் சொற்களுக்கு ஆங்கிலத்திற் பொருள் கூறும் அகராதி அந்நாளில் இல்லை. ஆதலின், தந்தை இருந்து எழுதிய மேசையிலேயே மகனும் இருந்து, அறியாத சொல் ஒவ்வொன்றையும் அவரிடமே வினவினான். அவர் அப்போது எழுதியது இந்திய வரலாறு (இந்தியாவைக் காணாமலே எழுதி 1817 இல் வெளியிட்டார் என்பது வேறு கதை). பொறுமையற்றவர் என மகனே குறிப்பிடும் அத்தந்தை, இடையறாத அவ்வினாக்களைப் பொறுத்துக்கொண்டார். காலை உலாவின்போது, முன்னாட் படித்ததை மகன் சொல்ல அவர் கேட்டார். மகன் தானே கண்டறியக்கூடியதை முந்திக்கொண்டு சொன்னாரல்லர். மில்லின் குறை ஒழுங்கின் மிகுதியன்று; தோழர் இன்மையே என்பது என் துணிபு. எட்ஜ்வேர்த்தின் மகனுக்கோ அத்தகைய மேசையே வாய்க்கவில்லை.

எத்தனை மணிநேரம் படிப்பிக்க வேண்டும் என்று பெற்றோர் ஆசிரியராகிய எம்மை வினவுவர். யார் அருகில் இருப்பது என்று வினவுவோர் அரியர்.

எட்ஜ்வேர்த் தம் பிழையை உணர்ந்தார். மகள் மரியாவுடன் சேர்ந்து 1798 இற் கல்வி பற்றி இரு தொகுதி நூலொன்றை வெளியிட்டார். அதன் முதல் அதிகாரம் விளையாட்டுப் பொருள்களைப் பற்றியது. மில்லோ தமக்கு அவை பெரும்பாலும் இருந்ததேயில்லை என எழுதினார். சிறுவர் நூல்களும் உறவினரும் அறிந்தோரும் எப்போதாவது தந்தவையே. அவற்றுள் 'ரொபின்சன் குரூசோ' அவர்தம் இளமை முழுவதும் இன்பமளித்ததாம்.