கட்டுச்சோறு: சாமியே சுமந்து வந்த சாப்பாடு



தைப்பூசத்துக்கு பஸ்ல கிளம்புற நம்ம பிள்ளைங்க சிலருக்கு, வீட்டுச் சாப்பாட்டைக் கட்டிக்கிட்டுப் போக வெட்கம். ஆனா கட்டுச்சோறுக்குப் பின்னால பெரிய வரலாறு இருக்கு.

12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் பாடிய பெரியபுராணத்தைப் பாருங்க. திருப்பைஞ்ஞீலிக்கு நடந்து போன அப்பர் சுவாமிகள் பசியிலும் தாகத்திலும் தளர்ந்தார். சிவபெருமானே அந்தணர் வடிவில் பொதிசோற்றோடு வழியில் காத்திருந்து பசியாற்றினார். சுந்தரருக்கும் திருக்குருகாவூர் போற வழியில் பந்தல் அமைத்துப் பொதிசோறும் தண்ணீரும் கொடுத்தார்.

நடைப்பயணக் காலத்தில் புளிச்சோறு நல்ல துணை. புளியும் நல்லெண்ணெயும் சோறு சீக்கிரம் கெடாமல் காக்கும். தேங்காய் சேர்த்தால் ஊசிப்போகும்.

பத்துமலையில் 1892 முதல் தைப்பூசம் நடக்குது. இன்று 272 படி ஏறத் தெம்பு வேணும். குடும்பத்துக்கே கடையில் வாங்கினா கையைக் கடிக்கும். காலையிலேயே புளிச்சோறு கிளறி, ஆறவிட்டு, வாழை இலையில் கட்டுங்க. மதியத்துக்குள்ள சாப்பிட்டுடுங்க.

ஒரு பொட்டலம் கூடுதலா எடுத்துக்குங்க. வழியில் பசித்தவருக்குக் கொடுப்பது சிவன் செய்த வேலை.

சிவாயநம.