மாடம்பாக்கத்து ஈசி ஒன்று வந்த வழி

மாடம்பாக்கத்தில் மனை விற்பவர் முதலில் விலையைச் சொல்வார். வாங்குகிறவர் முதலில் கேட்பது, "ஈசி போட்டுப் பாத்தாச்சா?" ஏரிக்கரைப் பக்கமானாலும் சரி, தேனுபுரீஸ்வரர் கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களானாலும் சரி, இந்தக் கேள்விக்குப் பதில் வராமல் அட்வான்ஸ் கைமாறாது. ஈசி என்பது வில்லங்கச் சான்று. ஒரு சொத்தை யார் யாருக்கு விற்றார், யாரிடம் அடமானம் வைத்தார், யாருக்குத் தானமாக எழுதிக் கொடுத்தார் என்று பதிவான ஆவணங்களைத் தேதி வரிசையில் அடுக்கிச் சொல்லும் பட்டியல் அது.

இங்கே நான் சொல்லப்போவது அப்படிப்பட்ட ஒரே ஒரு சான்றின் கதை. என் சித்தப்பா தன் வீட்டை ஒட்டியிருந்த அரை கிரவுண்டு மனையைச் சிங்கப்பூரில் இருக்கும் மகள் பெயரில் வாங்க நினைத்தார். வங்கி முப்பது வருட வில்லங்கம் கேட்டது. அந்தக் கோப்பு அரசு இணையதளத்தில் பிறந்து, சித்தப்பாவின் டேப்லெட்டுக்கு வந்து, செயலி செயலியாக ஏறி இறங்கி, கடைசியில் எங்கே போய்ச் சேர்ந்தது என்பதுதான் விஷயம்.

அதன் பூர்விகம் காகிதம். 1908ஆம் ஆண்டின் பதிவுச் சட்டப்படி அசையாச் சொத்து ஆவணங்கள் சார்பதிவாளர் அலுவலகத்தின் 1ஆம் புத்தகத்தில் ஏறும். அதற்கு இரண்டு அட்டவணைகள் உண்டு: ஒன்று ஆட்களின் பெயர்களைக் கொண்டது, மற்றது சொத்துகளைக் கொண்டது. ஒரு காலத்தில் அலுவலகத்தில் ஒருவர் உட்கார்ந்து, வருடம் வருடமாக அந்த அட்டவணைகளைப் புரட்டி, கையால் எழுதிக் கொடுத்ததுதான் வில்லங்கச் சான்று. 2018இல் பதிவுத்துறை ஸ்டார் 2.0 என்ற திட்டத்தைத் தொடங்கிய பிறகு இந்த வேலை பெரும்பாலும் இணையத்துக்குப் போய்விட்டது. மாவட்டம், சார்பதிவாளர் அலுவலகம், கிராமம், புல எண் ஆகியவற்றைத் தேர்ந்தெடுத்து, கட்டணம் கட்டினால் சான்று பிடிஎஃப் கோப்பாக வந்துவிடும்.

தேர்ந்தெடுப்பதில்தான் ஒரு சறுக்கல் காத்திருக்கிறது. கூடுவாஞ்சேரிப் பக்கமும் ஒரு மாடம்பாக்கம் உண்டு. அதைத் தொட்டுவிட்டால் யாரோ ஒருவருடைய நிலத்தின் சரித்திரம் வரும். சித்தப்பா அதில் ஏமாறவில்லை. இந்தப் பக்கத்திலேயே முப்பது வருடம் இருப்பவர். அவருடைய சான்றைப் படித்தால் நிலம் இடம் மாறாமலே ஊர் மாறிய கதை தெரியும். மனை முதலில் செங்கல்பட்டு மாவட்டத்தில் இருந்தது. 1997இல் காஞ்சிபுரம் மாவட்டத்துக்குப் போயிற்று. 2019இல் புதிதாகப் பிரிந்த செங்கல்பட்டு மாவட்டத்துக்குத் திரும்பி வந்தது. பேரூராட்சியாக இருந்த மாடம்பாக்கம் 2021இல் தாம்பரம் மாநகராட்சியோடு சேர்ந்தது.

கோப்பின் உடம்பைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். பிடிஎஃப் என்பது அடோபி நிறுவனத்தின் ஜான் வார்னாக் 1991இல் 'கேமலாட்' என்ற பெயரில் எழுதிய திட்டத்திலிருந்து வளர்ந்து, 1993இல் வெளியானது. எந்தக் கணினியில் திறந்தாலும் பக்கம் ஒரே மாதிரி தெரிய வேண்டும் என்பதுதான் நோக்கம். 2008இல் அது சர்வதேசத் தர நிர்ணயமாகவும் ஆனது. பக்கத்தின் தோற்றத்தைக் காப்பாற்றுவதுதான் அதற்கு முக்கியம். எழுத்துகள் ஒழுங்காக இருக்கின்றனவா என்பது இரண்டாம் பட்சம். அதனால்தான் பல தமிழ் பிடிஎஃப்களில் கண்ணுக்கு 'மாடம்பாக்கம்' என்று தெளிவாகத் தெரியும், ஆனால் தேடல் பெட்டியில் அதே சொல்லைத் தட்டினால் கிடைக்காது. நகலெடுத்து ஒட்டினால் குப்பையாக விழும்.

இந்தக் கோப்புக்குள் இன்னொன்றும் இருக்கிறது: சார்பதிவாளரின் மின் கையொப்பம். கோப்பிலுள்ள பைட்டுகளைக் கணக்கிட்டு ஒரு சுருக்க எண் எடுக்கிறார்கள். கையொப்பமிடுபவரின் ரகசியச் சாவியால் அதைப் பூட்டி, கோப்புக்குள்ளேயே வைக்கிறார்கள். பிறகு எங்காவது ஒரு பைட் மாறினாலும் கணக்கு ஒத்துவராது. 2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம் இந்தக் கையொப்பத்துக்குத் தரும் மதிப்பு, பேனாவால் போடும் கையெழுத்துக்கு உள்ள மதிப்புதான். பக்கத்தில் தெரியும் பெயரும் தேதியும் வெறும் தோற்றம். நிஜமான கையொப்பம் கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே கிடக்கிறது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கதையின் முடிச்சு இதில்தான் விழுகிறது.

சித்தப்பாவிடம் இருப்பது ஆண்ட்ராய்டு டேப்லெட். சான்று இறங்கிய அன்று எனக்கு போன் வந்தது. "டவுன்லோடு ஆயிடுச்சுன்னு சொல்லுது. எங்கடா ஆச்சு?" இந்தக் கேள்வியை எல்லா வீட்டிலும் யாராவது ஒருவர் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள். கேட்பவர்மேல் குற்றமில்லை. இருபது வருடம் அலுவலகக் கணினியில் பழகியவர்களுக்குக் கோப்பு என்றால் அது ஓர் இடத்தில் இருக்கும், அங்கே போய்த் திறக்க வேண்டும். டேப்லெட்டோ இடத்தை மறைத்துவிட்டுச் செயலியை மட்டும் காட்டுகிறது.

அப்படிச் செய்ததற்குக் காரணம் உண்டு. ஆண்ட்ராய்டு லினக்ஸின் மேல் கட்டப்பட்டது. ஒரே கணினியைப் பலர் பயன்படுத்தும்போது ஒருவர் கோப்பை மற்றவர் தொடாதிருக்க, லினக்ஸ் ஒவ்வொருவருக்கும் ஓர் எண் தரும். ஆண்ட்ராய்டு அந்த எண்ணை மனிதர்களுக்குக் கொடுக்கவில்லை, செயலிகளுக்குக் கொடுத்தது. ஆகவே ஒவ்வொரு செயலியும் தனி ஆள். ஒன்றின் அறைக்குள் மற்றொன்று நுழைய முடியாது. பொதுவான சேமிப்பிடம் மட்டும் வெகு நாள் திறந்தே கிடந்தது. ஒருமுறை அனுமதி வாங்கிவிட்டால் டார்ச் லைட் செயலிகூட அங்குள்ள எல்லாக் கோப்புகளையும் படிக்கலாம். 2016இல் வந்த ஆண்ட்ராய்டு 7, கோப்பின் முகவரியை ஒரு செயலி இன்னொன்றுக்கு நேராகக் கொடுப்பதைத் தடுத்தது. குறிப்பிட்ட கோப்புக்கு மட்டும் தற்காலிக அனுமதி கொடுத்தால் போதும் என்றது. 2019இல் ஆண்ட்ராய்டு 10 பொதுச் சேமிப்பிடத்துக்கும் வேலி போட ஆரம்பித்தது, அடுத்த ஆண்டு அது இறுகியது. எரிச்சலாக இருந்தாலும் இந்த வேலிகள் சரியானவை என்றே நினைக்கிறேன். சொத்து விவரமும் ஆதாரும் பான் அட்டையும் ஒரே டேப்லெட்டில் கிடக்கும் காலத்தில் கதவு இல்லாமல் முடியாது.

சித்தப்பா கோப்பைத் தொட்டதும் எதில் திறக்கட்டும் என்று டேப்லெட் கேட்டது. இந்தக் கேள்வியின் வேர் 1992இல் இருக்கிறது. நதானியேல் போரன்ஸ்டீனும் நெட் ஃப்ரீடும் மின்னஞ்சலோடு படமும் ஒலியும் அனுப்புவதற்காக 'மைம்' என்ற முறையை வகுத்தார்கள். ஒவ்வொரு கோப்பும் தான் இன்ன வகை என்று ஒரு சீட்டோடு வர வேண்டும். இன்றைக்கும் டேப்லெட் அந்தச் சீட்டைப் பார்த்துத்தான் எந்தெந்தச் செயலிகளைக் கூப்பிடுவது என்று முடிவு செய்கிறது. அனுப்பும் தளம் சீட்டில் வகையை எழுதாமல் பொத்தாம்பொதுவாக அனுப்பிவிட்டால், 'திறக்கச் செயலி இல்லை' என்று வரும். கோப்பில் பிழை எதுவும் இருக்காது. அதன் தொடக்கத்தில் ஒரு சதவீதக் குறியும் பி, டி, எஃப் என்ற மூன்று எழுத்துகளும் ஒழுங்காகவே இருக்கும். பெயரின் கடைசியில் புள்ளி வைத்து பிடிஎஃப் என்று சேர்த்தாலே பெரும்பாலும் திறந்துவிடும்.

அங்கிருந்து கோப்பு வாட்ஸ்அப்பில் சிங்கப்பூர் போயிற்று. வாட்ஸ்அப் பிடிஎஃப் கோப்புகளை ஏற்கத் தொடங்கியது 2016 மார்ச்சில். டாக்குமென்டாக அனுப்பினால் பைட் மாறாமல் போகும். திரையைப் படம் பிடித்து அனுப்பினால் எழுத்தும் போய்விடும், கையொப்பமும் போய்விடும், மிஞ்சுவது ஒரு சுருக்கப்பட்ட புகைப்படம். சித்தப்பா டாக்குமென்டாகத்தான் அனுப்பினார். அதுவரை நல்லது.

மகளிடம் இருப்பது ஐபேட். 2010 ஜனவரி 27 அன்று ஸ்டீவ் ஜாப்ஸ் அதை அறிமுகம் செய்தபோது அதில் கோப்புகளைப் பார்க்கவே தனி இடம் கிடையாது. கணினியோடு கேபிளில் இணைத்து, ஐட்யூன்ஸ் வழியாக ஒவ்வொரு செயலிக்கும் தனித்தனியாகக் கோப்பை ஏற்ற வேண்டும். ஒரு செயலியில் இருப்பதை மற்றொன்றில் திறந்தால், அந்த மற்றொன்றின் உள்ளே ஒரு புது நகல் போய் விழும். பழையது பழைய இடத்திலேயே இருக்கும். பத்துச் செயலியில் திறந்தால் பத்து நகல். ஒன்றில் திருத்தினால் மற்றவற்றுக்குத் தெரியாது. 2014இல் ஐஓஎஸ் 8 வந்த பிறகுதான் நகலெடுக்காமல், கோப்பை இருந்த இடத்திலேயே திறந்து திருத்த வழி பிறந்தது. கோப்புகளுக்கென்றே ஃபைல்ஸ் செயலி வந்தது 2017இல். பென் டிரைவ் செருகிப் படிக்க முடிந்தது 2019இல். ஐபேடுக்கென்றே ஒரு வாட்ஸ்அப் வந்தது 2025 மே மாதத்தில். அந்த டேப்லெட் பிறந்து பதினைந்து வருடம் கழித்து! இன்ன வகைக் கோப்பை எப்போதும் இன்ன செயலியில் திற என்று ஐபேடிடம் சொல்லிவைக்க முடிந்ததும் அதே 2025இல்தான். பழைய பழக்கமும் போய்விடவில்லை. பல செயலிகள் இன்றும் நகலெடுத்துத்தான் திறக்கின்றன, அதைத் திரையில் ஒரு வார்த்தைகூடச் சொல்வதில்லை. வேலியைப் பற்றி எனக்குக் குறையில்லை. இந்த மௌனம்தான் குறை.

மகள் அந்தச் சான்றை ஐபேடில் குறிப்பெழுதும் செயலி ஒன்றில் திறந்தாள். 2006ஆம் வருடத்து அடமானம் ஒன்று இருந்தது, அது தீர்ந்ததற்கான ரசீதுப் பதிவு எங்கே என்று சிவப்பில் வட்டம் போட்டாள். நல்ல கேள்விதான். அப்படியே சேமித்து, "அப்பா, வக்கீல்கிட்ட இதைக் கேளுங்க" என்று திருப்பி அனுப்பினாள். சித்தப்பா அதைத் தாம்பரத்தில் இருக்கும் வக்கீலுக்கு மின்னஞ்சலில் அனுப்பிவிட்டார்.

மறுநாள் வக்கீலின் ஜூனியர் கூப்பிட்டார். "சார், சிக்னேச்சர் வேலிட் இல்லன்னு வருது. ஒரிஜினல் அனுப்புங்க."

"ஒரிஜினல்தானேம்மா அனுப்பினேன்!"

அந்தக் குறிப்புச் செயலி கோப்பை முழுதாகத் திருப்பி எழுதியிருந்தது. பைட்டுகள் மாறிவிட்டன, கையொப்பம் முறிந்துவிட்டது. டேப்லெட்டில் இது யாருக்கும் தெரியவில்லை, ஏனென்றால் பெரும்பாலான டேப்லெட் செயலிகள் கையொப்பத்தைச் சரிபார்ப்பதே இல்லை. அதன் தோற்றத்தை மட்டும் காட்டிவிட்டுப் போய்விடும். வக்கீல் அலுவலகக் கணினியில் சரிபார்த்தபோதுதான் குட்டு உடைந்தது.

மாடம்பாக்கத்தில் மனை வாங்கும் எவரும் தாய்ப் பத்திரத்தையும் அதன் ஜெராக்ஸையும் குழப்பிக்கொள்ள மாட்டார். தாய்ப் பத்திரம் பீரோவில் இருக்கும், வெளியே போவது ஜெராக்ஸ். அதே மனிதர் டேப்லெட்டில் இந்த ஒழுங்கை வைத்துக்கொள்ள முடிவதில்லை, காரணம் இரண்டும் பார்வைக்கு ஒன்றாக இருக்கின்றன. அன்று நாங்கள் உட்கார்ந்து தேடியபோது டவுன்லோட்ஸில் இரண்டு, ஏனென்றால் இரண்டு முறை இறக்கியிருந்தார். வாட்ஸ்அப்பின் தனி ஃபோல்டரில் மகள் அனுப்பியது ஒன்று; அங்கே அதற்குத் தேதியும் எண்ணும் கொண்ட வேறு பெயர். மின்னஞ்சலில் அனுப்பியது ஒன்று. பெயரை வைத்து எது எதுவென்று சொல்ல முடியவில்லை. தேதியையும் அளவையும் பார்த்து முதலில் இறங்கியதைக் கண்டுபிடித்தோம். அதற்கு 'மாடம்பாக்கம் ஈசி மூலம்' என்று பெயர் வைத்து, 'பத்திரம்' என்ற ஃபோல்டரில் போட்டோம். வக்கீலுக்கு அங்கிருந்தே நேராகப் போயிற்று. ஏற்றுக்கொண்டார். மகளின் கேள்விக்கும் பதில் கிடைத்தது: கடன் தீர்ந்த ரசீது அடுத்த பக்கத்திலேயே பதிவாகியிருந்தது.

இனி எந்தச் சான்று வந்தாலும் திறப்பதற்கு முன் அந்த ஃபோல்டரில் போடுவது, குறிப்பெழுத வேண்டுமானால் முதலில் நகலெடுத்து நகலில் எழுதுவது என்று சித்தப்பா பழக்கிக்கொண்டுவிட்டார். டேப்லெட் வைத்திருக்கும் எல்லோருக்கும் இது போதும்.

கோப்பின் பயணம் இதோடு முடியவில்லை. வங்கிக்குக் காகிதமாகவும் ஒன்று வேண்டும் என்றார்கள். சித்தப்பா கேம்ப் ரோடில் ஒரு ஜெராக்ஸ் கடைக்குப் போனார். எல்லாக் கடையிலும் இப்போது நடக்கிறபடி, சுவரில் ஒட்டியிருந்த எண்ணுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொன்னார்கள். பக்கத்துக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொண்டு அச்சடித்துக் கொடுத்தார்கள். காகிதம் சித்தப்பா கைக்கு வந்தது. கோப்பு கடைக்காரரின் போனில் தங்கிவிட்டது. அதற்கு மேலும் கீழும் ஊரார் அனுப்பிய பட்டா, ஆதார், சம்பளச் சீட்டு, ஸ்கேன் ரிப்போர்ட் எல்லாம் வரிசையாக இருந்தன. கடைக்காரர் கெட்டவர் என்று சொல்லவில்லை. அதையெல்லாம் அழிக்க அவருக்கு நேரமும் இல்லை, யாரும் கேட்பதும் இல்லை.

நீங்கள் கேளுங்கள். அச்சு வந்ததும் காசு கொடுப்பதற்கு முன், உங்கள் எதிரிலேயே அந்தக் கோப்பை அவருடைய வாட்ஸ்அப்பிலிருந்தும் கணினியின் டவுன்லோட்ஸிலிருந்தும் அழிக்கச் சொல்லுங்கள். 'எல்லோருக்கும் அழி' என்பதை உங்கள் பக்கத்திலிருந்து அழுத்தினால் மட்டும் போதாது. கணினியில் ஏற்கெனவே இறக்கிவிட்டதை அது தொடாது.