நங்கூர வடமும் பாகக் கணக்கும்

கீழ்வேளூர் நாகைக் கடற்கரைக்கு மேற்கே ஏறத்தாழ 8 மைல் தூரத்திலுள்ள நெல் விளையும் ஊராகும். அவ்வூராருக்கும் நங்கூரத்திற்கும் யாது தொடர்பு என்று சிலர் வினவக்கூடும். 1758-ஆம் ஆண்டின் சரித்திரத்தை அறிந்தோர் அங்ஙனம் வினவார். அவ்வாண்டில் பிரெஞ்சுத் தளபதி லாலி, பழைய கடன் பத்திரமொன்றைக் காட்டித் தஞ்சை மன்னரிடம் பணம் பறிக்கப் படையொடு புறப்பட்டு, நாகூர் வழியாக வந்து கீழ்வேளூர்க் கோயிலைச் சூறையாடினான். அங்கிருந்த அந்தணர் சிலரை ஒற்றர் எனக் கொண்டு பீரங்கி வாயிற் கட்டிச் சுட்டான். பின்னர்த் தஞ்சைக் கோட்டையை முற்றுகையிட்டான். ஆகஸ்டு 3-ஆம் நாள் நம் கடலிலே ஆங்கிலத் தலைவர் போக்காக்கும் பிரெஞ்சுத் தலைவர் தாஷேயும் பொருதனர். அப்பால் ஆங்கிலக் கப்பல்கள் காரைக்கால் முன்பாக நங்கூரமிட்டு நிற்கின்றன என்னும் செய்தி பாசறைக்கு எட்டியது. லாலிக்கு உணவும் வெடிமருந்தும் வரவேண்டிய துறை அதுவே. அவன் முற்றுகையை விடுத்துத் திரும்பினான்.

அக்கப்பல்கள் அங்கு நின்றமையே தஞ்சைக்கு உதவியாயிற்று. அவை எங்ஙனம் நின்றன? இக்கரையில் காற்றைத் தடுக்கும் மலையுமில்லை, தீவுமில்லை. நங்கூரத்தின் கனமே கப்பலை நிறுத்துகிறது என்று கரையிலுள்ளார் எண்ணுவர். அஃது அன்று. வடம் குறுகினால் இழுப்பு மேல்நோக்கிச் சென்று நங்கூரத்தின் முனை மண்ணை விட்டுப் பெயரும். வடம் நீண்டு தரையோடு படிந்தால் அம்முனை மேலும் மேலும் பதியும். மிக நீண்டாலோ, காற்றுத் திரும்புங்கால் கப்பல் பெருவட்டமாகச் சுழன்று அயற்கப்பலின்மேல் மோதும். எனவே எத்துணை வடம் கடலுட் சென்றது என்பதை அறியாதவன் கப்பலை நிறுத்த வல்லவனல்லன்.

இதற்கு அளவுகோல் மனிதனின் உடம்பேயாம். இரு கைகளையும் விரித்த நீளம் நமக்குப் பாகம். ஆங்கிலேயர் 6 அடியாக வரையறுத்த 'பேதம்' என்னும் அளவின் பெயரும் ஆதியில் விரித்த கைகளையே குறித்தது. ஈயக்குண்டு கட்டிய கயிற்றால் ஆழத்தைப் பாகத்தில் அறிந்து, அதனினும் பன்மடங்கு வடத்தை விடுதல் முறை.

வடம் சணலாயிருந்த காலத்தில் ஆபத்து வந்தால் அதனை வெட்டிவிட்டு ஓடலாம். 1761 சனவரி முதல் நாள் புதுச்சேரியின் முன் புயல் வீசியபொழுது ஆங்கிலத் தலைவர் ஸ்டீவன்ஸ் அவ்வாறே வடத்தை வெட்டிக் கடலுக்குட் சென்று தப்பினார். அவருடைய படையிற் சில கப்பல்கள் அழிந்தன. ஆயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர்.

1808-இல் சாமுவேல் பிரவுன் என்பார் இரும்புச் சங்கிலிக்கு உரிமைப் பத்திரம் பெற்றார். இரும்பைக் கைவிரித்து அளக்கவொண்ணாது. ஆதலின் சங்கிலியைத் துண்டுகளாகச் செய்து பூட்டு வளையங்களாற் பிணைத்தனர். வாணிகக் கப்பல்களில் ஒரு துண்டு 15 பாகம், அதாவது 90 அடி. (ஆங்கிலக் கடற்படையார் மட்டும் 1949 வரையில் 12½ பாகத்தையே பற்றிக்கொண்டிருந்தனர், அரசாங்கத்தார் எதையும் விரைவில் மாற்றார் போலும்.) முதற் பூட்டின் இருபுறமும் முதற் கண்ணியிலும், இரண்டாம் பூட்டின் இருபுறமும் இரண்டாம் கண்ணியிலும் கம்பி சுற்றி வெள்ளை பூசுவர், அதற்கப்பாலும் இவ்வாறே. இருளிற் கையால் தடவியே எண்ணிக்கொள்ளலாம். முன்தளத்தில் நிற்பவன் துண்டுக்கு ஓர் அடியாக மணியடித்து மாலுமித் தலைவனுக்கு அறிவிப்பான். 6 பாக ஆழத்தில் ஐந்து மடங்கு விட்டால் 30 பாகம், மணி இரண்டடி.

1861-இல் நாகையிலிருந்து தஞ்சைக்கு இருப்புப்பாதை அமைந்தது. கீழ்வேளூர் அதன் நிலையங்களுள் ஒன்று. பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் பிழைக்கச் சென்றோர் பலர் இவ்வழியே நாகைக்கு வந்தனர். 1926-இல் கட்டப்பெற்ற 'ரஜூலா' முதலிய கப்பல்கள் கரையை நெருங்கவியலாது தொலைவிலேயே நங்கூரமிட்டன. ஆட்களையும் மூட்டைகளையும் அவற்றிற்குக் கொண்டு சேர்த்தவர் படகோட்டிகளான நம் குலத்தாரே. அக்கப்பல் 1973-இல் அவ்வழியை விட்டு நீங்கியது. கப்பல்களின் பெயரும் டன் கணக்கும் ஏடுகளில் உள. படகோட்டியின் பெயர் ஒன்றேனும் இல்லை. அவர்கள் வடம் விட்ட கணக்கையும், அதற்கு வழங்கிய சொற்களையும் நினைவிற் கொண்ட முதியோர் நாகூரிலும் அக்கரைப்பேட்டையிலும் இருப்பாராயின், அவர்தம் மக்கள் அவற்றைக் கேட்டெழுதி நம் இதழுக்கு அனுப்புவாராக.