வெள்ளைத் துணியும் கைப்பேசியும்: கல்முனைக் கரையோர இளைஞர் பற்றிய ஒரு குறிப்பு

அம்பாறைக் கரையோரத்தில் முஸ்லிம் ஊர்களும் தமிழ் ஊர்களும் அடுத்தடுத்து அமைந்துள்ளன. நிந்தவூர், காரைதீவு, சாய்ந்தமருது, கல்முனை, பாண்டிருப்பு, மருதமுனை என அந்நிரை நீளும். ஊர்கள் நெருங்கியிருப்பினும் அவற்றின் இளைஞர் மனங்கள் என்றும் நெருங்கியிருந்தன எனக் கூறுதற்கில்லை. 2021இல் அவை ஒருமுறை நெருங்கின. அதிற் கைப்பேசி வகித்த பங்கினை இங்கு நோக்குவோம்.

அதற்கு முன்னர் அக்கருவி அச்சத்தையே கொணர்ந்தது. உணவில் மலட்டு மாத்திரை கலக்கப்படுகின்றதென்ற வதந்தியால், 2018 பெப்ரவரி 26 இரவு அம்பாறை நகரில் முஸ்லிம் உணவகமும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. உணவகத்தில் அச்சுறுத்திப் பெற்ற ‘வாக்குமூலம்’ முகநூலிற் பரவிற்று. கலந்திருந்தது மாவே என்பதை அரச பகுப்பாய்வு பின்னரே தெரிவித்தது. கண்டிப் பகுதியில் வன்முறை மூண்டபின், மார்ச் 7இல் அரசாங்கம் சமூக வலைத்தளங்களை முடக்கிற்று. வதந்தியோடு அதனை மறுத்த குரலும் அடங்கிற்று.

கொரோனாவால் இறந்தோரை எரித்தல் வேண்டுமென 2020 ஏப்ரல் 11 வர்த்தமானி விதித்தது. டிசம்பர் 9இல், பிறந்து இருபது நாளேயான முஸ்லிம் குழந்தையின் உடல் பெற்றோரின் இசைவின்றிப் பொரளை மயானத்தில் எரிக்கப்பட்டது. சில நாட்களில் மயான வேலியிலே வெள்ளைத் துணிகள் காணப்பட்டன. சிங்களவரும் தமிழரும் வந்து கட்டினர். கபன் துணியை அறிந்தார்க்கு அதற்கு உரை வேண்டியதில்லை. துணிகளை அகற்றியோரால் படங்களை அகற்ற முடியவில்லை. அக்கரைப்பற்றும் கல்முனையின் சில பகுதிகளும் தனிமைப்படுத்தப்பட்டிருந்த காலம் அது. வீதிக்கு வரவியலாத இளைஞர்க்குக் கையிலிருந்த திரையே வீதியாயிற்று.

2021 பெப்ரவரி 3இல் பொத்துவிலிலிருந்து பொலிகண்டி நோக்கிப் பேரணி புறப்பட்டது. தமிழர் கோரிக்கைகளுடன், கட்டாய எரிப்பை நிறுத்துக என்பதும் அதில் இடம்பெற்றது. அக்கரைப்பற்று, கல்முனை வழியே அது சென்றபோது முஸ்லிம் இளைஞரும் இணைந்தனர். பொலிசாரின் தடைகளை மீறிப் பேரணி நகர்ந்த செய்தியைக் கைப்பேசிகள் அடுத்த ஊர்க்கு முன்கூட்டியே கொண்டுசென்றன.

இவ்வொற்றுமையைக் கைப்பேசி ஆக்கியதென்பார் கூற்றை நாம் ஏற்கவில்லை. கல்முனை வடக்குப் பிரதேச செயலகத்தின் பொருட்டு 2019 ஜூனில் உண்ணாவிரதம் நிகழ்ந்தபோதும் இதே கருவிகள் இருந்தன. அன்று இரு சாராரும் தத்தம் வட்டத்துள்ளேயே பேசினர். தன் இறந்தாரைத் தன் முறைப்படி அடக்கும் உரிமை, போரிற் காணாமற்போனோரைத் தேடும் தமிழ்த் தாய்மார்க்கு விளக்காமலே விளங்கக்கூடியது.

2021 பெப்ரவரி 25இல் அடக்கம் அனுமதிக்கப்பட்டது. ஆயினும் ஊர் மையவாடிகளில் அன்று. மார்ச் 5 முதல் ஓராண்டுக் காலம், கல்முனையின் ஜனாஸாக்களும் மட்டக்களப்பைக் கடந்து ஓட்டமாவடிக்கே சென்றன. உடன்செல்ல உறவினர் சிலருக்கே இசைவு கிடைத்தது. மன்னிப்புக் கோர அமைச்சரவை தீர்மானித்தது 2024 ஜூலையிலாகும்.